பல் அடைக்கும் வித்தை

எலும்பு முறிந்தால் கூடிக்கொள்கிறது. தோல் கிழிந்தால் புதுத்தோல் வளர்ந்து மூடிக்கொள்கிறது. ஆனால் பல்லின் மேலோடாகிய எனாமலை உண்டாக்கிய உயிரணுக்கள், பல் ஈறைப் பிளந்துகொண்டு வெளிவரும் காலத்திலேயே அழிந்துபோய்விடுவதால், அதில் ஒருமுறை விழுந்த குழி எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாலும் தானாகத் தூர்வதில்லை. மற்ற வைத்தியர்கள் இயற்கை செய்யும் காரியத்துக்குத் துணை நிற்பவர்கள். சொத்தைப் பல்லை அடைக்கும் வைத்தியரோ, இயற்கை கைவிட்ட இடத்தில், உமிழ்நீர் ஓயாமல் சுரக்கும் ஒரு குறுகிய வாய்க்குள் கையை விட்டு, மயிரிழை பிசகினாலும் பழுதாகிவிடும் நுட்பமான வேலையைத் தாமே முழுவதும் செய்து முடிக்கவேண்டியவராயிருக்கிறார். அந்த வேலையின் சரித்திரத்தைப் படிக்குந்தோறும் ஒரு கேள்வியே மறுபடியும் மறுபடியும் எதிர்ப்படுகிறது. கெட்ட பாகத்தை நீக்கி அடைப்பதற்காக, கெடாத பல்லில் எவ்வளவை வெட்டிக் கழிக்கலாம்? தொழிலில் நேர்ந்த சண்டைகளும் சமாதானங்களும், வந்த கருவிகளும் மறைந்த கருவிகளும், பெரும்பாலும் இந்தக் கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளேயாம்.

வித்தையின் தொன்மைக்குச் சான்று நம் உபகண்டத்திலேயே கிடைத்திருக்கிறது. பலூசிஸ்தானத்தில் மெஹர்கர் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பின் இடுகாட்டிலே, 9 பேருடைய 11 கடைவாய்ப் பற்களில் வட்டமாகத் துளையிடப்பட்டிருந்த செய்தி 2006-ல் வெளியாயிற்று. அவற்றின் காலம் இன்றைக்கு 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்திருக்கிறார்கள். மணிகளைத் துளைக்கும் சக்கிமுக்கிக் கல்முனையே பல்லுக்கும் பயன்பட்டிருக்கவேண்டும். துளையின் விளிம்புகள் மென்று மென்று தேய்ந்திருப்பதால், அந்தச் சிகிச்சைக்குப் பிறகும் அம்மனிதர்கள் உயிர்வாழ்ந்து உணவருந்தினார்கள் என்பது தெளிவாகிறது. ஸ்லோவேனியாவின் லோஞ்சே என்னுமிடத்தில் கிடைத்த, ஏறக்குறைய 6,500 ஆண்டு பழமையான தாடையெலும்பிலோ, வெடித்த பல்லின் மேல் தேன்மெழுகு பூசப்பட்டிருந்தது. சீனத்தில் தாங் வமிசத்தார் ஆட்சியில், கி.பி. 659-ல் தொகுக்கப்பெற்ற மருந்து நூல், வெள்ளியும் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த பசையைக் குறிப்பிடுகிறது. இவை தனித்தனிச் சம்பவங்கள். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த பரம்பரையாக இவற்றைக் கோத்துக் காட்ட இயலாது.

பல்லைக் கெடுப்பது ஒரு புழு என்ற நம்பிக்கை மட்டும் பாபிலோனியர் காலத்திலிருந்து உலகம் முழுவதும் பரவியிருந்தது. ஐரோப்பாவில் ஹென்பேன் என்ற செடியின் வித்தைத் தணலில் இட்டு, அதன் புகையை ஒரு புனல் வழியாக வாய்க்குள் செலுத்துவார்கள். வெப்பத்தில் வெடித்த வித்தின் முளை வெண்புழுவைப்போல் தோன்றவே, பல்லிலிருந்து பூச்சி விழுந்துவிட்டதாக நோயாளி நம்பினார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண்டங்கத்திரி வித்தைத் தணலில் தூவிப் புகை பிடித்த வழக்கமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஐரோப்பியச் செடியின் புகையில் வலியை மரக்கச் செய்யும் சத்து இருந்தபடியால் நோயாளி அடைந்த ஆறுதல் மெய்யே. காரணம் தவறாயிருந்தும் பலன் சிறிது கிடைத்தமையால், அந்தச் சிகிச்சையை மூடத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

புழுவின் கதைக்கு எதிராக உறுதியாகப் பேசியவர் பாரிஸ் நகரத்துப் பியர் ஃபோஷார். 1728-ல் இரண்டு பாகங்களாக வெளிவந்த அவருடைய நூல், பல் வைத்தியத்தைத் தனிச் சாஸ்திரமாக நிலைநிறுத்திய முதற்பெரும் கிரந்தம். சொத்தையின் துகள்களைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து ஆராய்ந்தும் தமக்கு ஒரு புழுவும் தென்படவில்லை என்று அதில் அவர் எழுதினார். குழியைச் சுரண்டித் துப்புரவாக்கி, ஈயம், வெள்ளீயம், பொன் ஆகியவற்றின் மெல்லிய தகடுகளைத் திணித்து அடைக்கும் முறையையும் விவரித்தார். அந்தக் காலத்தில் பல் பிடுங்குவோரும் பல் கட்டுவோரும் தத்தம் கைமுறைகளை மகனுக்கும் மருமகனுக்கும் மட்டுமே சொல்லிவைத்துக் காத்துவந்தார்கள்; அப்படிப்பட்ட தொழிலில் இருந்துகொண்டு, தாம் கற்றவற்றையெல்லாம் எவரும் படிக்கும்படி அச்சில் ஏற்றியது ஃபோஷாருடைய தைரியத்துக்கும் தாராளத்துக்கும் அத்தாட்சி.

அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழிந்து, இந்த வித்தை அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்காவில் வேர்கொண்டது. 1840-ல் பால்டிமோர் நகரில் ஹோரஸ் ஹெய்டன், சேப்பின் ஹாரிஸ் என்னும் இருவருடைய முயற்சியால் உலகின் முதல் பல் வைத்தியக் கல்லூரி தோன்றியது. நல்ல வைத்தியர் என்றால் பொன் ரேக்கினால் பல்லை அடைக்கத் தெரிந்தவர் என்பதே அக்காலத்து இலக்கணம். பொன் துருப்பிடிக்காது, கறுக்காது, உமிழ்நீரில் கரையாது. ஆனால் அதைச் சிறு சிறு துண்டுகளாகக் குழிக்குள் இட்டு, ஒவ்வொன்றையும் கைக்கருவியால் அழுத்தி, குழியின் மூலைமுடுக்கெல்லாம் இடைவெளியின்றி நிரப்புவதற்கு மணிக்கணக்கான பொறுமை வேண்டும். 1855-ல் ராபர்ட் ஆர்தர் என்பவர், ரேக்கைச் சாராய விளக்கின் சுடரில் காட்டி அதன் மேல் ஒட்டியுள்ள ஆவிப்படலத்தைப் போக்கிவிட்டால், பொன்னோடு பொன் குளிர்ந்த நிலையிலேயே ஒன்றிக்கொள்ளும் என்பதைத் தொழிலுக்கு எடுத்துரைத்தார். அதன் பின் உடைந்த முனைகளைக்கூடப் பொன்னால் எழுப்ப முடிந்தது.

பொன்னுக்கு விலை கொடுக்க இயலாதவர் கதி என்ன? இந்த இடத்திலேதான் பாதரசம் நுழைந்தது. 1826-ல் பாரிஸில் தாவோ என்பவர் வெள்ளி நாணயங்களை அரத்தால் ராவி, அந்தத் துகளைப் பாதரசத்தோடு குழைத்து ஒரு வெள்ளிப் பசையைத் தயாரித்தார். 1833-ல் கிராக்கூர் சகோதரர் இருவர் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்கில் வந்திறங்கி, இத்தகைய பசைக்கு ‘ராயல் மினரல் சக்சிடேனியம்’ என்று ஆடம்பரமாகப் பெயரிட்டு, விளம்பரங்களின் பலத்தால் கூட்டத்தைச் சேர்த்தார்கள். சொத்தையைச் சரிவரச் சுரண்டாமல், ஈரத்தைத் துடைக்காமல், இரண்டொரு நிமிஷத்தில் பசையை அப்பி அனுப்பிவிட்டார்கள். நாணய வெள்ளியின் கலவை இறுகும்போது விரியும் சுபாவமுடையதாகையால், சில பற்கள் பிளந்தன; பல அடைப்புகள் விழுந்தன. குட்டு வெளிப்பட்டதும் சகோதரர்கள் கப்பலேறிவிட்டார்கள். பழி மட்டும் பாதரசத்தின் மேல் நின்றது.

அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 1840-ல் அமைந்த நாள்முதல் இக்கலவையை விரோதித்தது. 1845-ல், இதனை ஒருபோதும் உபயோகிப்பதில்லை என்று அங்கத்தினர் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டுமென்றும், மறுப்பவரை நீக்கிவிடுவதென்றும் தீர்மானித்தது. பாதரசம் நச்சுப்பொருள் என்ற நியாயமான அச்சம் ஒருபுறமிருக்க, பொன் வேலையில் ஆண்டுக்கணக்காகத் தேர்ச்சிபெற்ற கைகளுக்கு எளிய பசை ஒன்று போட்டியாக வந்த மனக்கசப்பும் அந்தத் தீர்மானத்தில் கலந்திருந்தது என்றே கருதுகிறேன். ஏழை நோயாளிகளுக்கு வேறு வழி காணாத வைத்தியர்கள் தீர்மானத்தை ஏற்க மறுத்தார்கள். 1850-ல் சங்கம் தன் கட்டளையை விலக்கிக்கொண்டும் பிளவு ஆறவில்லை; 1856-ல் அச்சங்கமே கலைந்துபோயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டுகள் நீடித்த இந்த வாக்குவாதத்தில், கலவையின் சேர்மானத்தை நிறுத்துப் பார்த்து, அது விரிகிறதா சுருங்குகிறதா என்று அளந்து காண முற்பட்டவர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

பொன் வேலைக்குப் பெரும் பகை உமிழ்நீர். ஒரு துளி பட்டால்போதும், ரேக்கோடு ரேக்கு ஒட்டாது. அதுவரை செய்த வேலை முழுவதையும் தோண்டியெடுத்துவிட்டு மறுபடி தொடங்கவேண்டும். துணிகளையும் உறிஞ்சும் காகிதங்களையும் கன்னத்துக்குள் அடக்கிவைத்து, அவை நனையுமுன் வேலையை முடிக்க வைத்தியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த ஸான்ஃபர்ட் பார்னம் என்னும் இளம் வைத்தியர், 1864-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மெல்லிய ரப்பர்த் துண்டு ஒன்றில் துளையிட்டு, அதைப் பல்லின் கழுத்துவரை இழுத்து மாட்டினார். நாக்கு, கன்னம், உமிழ்நீர் யாவும் துண்டின் மறுபுறம் தங்கிவிட, பல் ஒன்றுமட்டும் உலர்ந்த நிலையில் இப்புறம் நின்றது. ரப்பர் டேம் என்று இன்று வழங்கும் சாதனம் இவ்வளவுதான்.

பார்னம் இதற்குக் காப்புரிமை பெற்று ராயல்டி வசூலிக்கவில்லை. சக வைத்தியர்களுக்கு இனாமாக வழங்கிவிட்டார். அந்தக் கொடையின் அருமையை உணரவேண்டுமானால் அதே காலத்தில் அதே ரப்பரை வைத்து நடந்த மற்றொரு காரியத்தையும் அறியவேண்டும். கெட்டிப்படுத்திய ரப்பரால் பொய்ப்பல் தட்டுச் செய்யும் உரிமையைத் தன்வசம் வைத்திருந்த குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி, நாடெங்கும் பல் வைத்தியர்கள் பேரில் வழக்குத் தொடுத்து உரிமைப் பணம் தண்டியது. அதன் பொருளாளர் ஜொசையா பேக்கன், 1879-ல் ஸான்ஃபிரான்சிஸ்கோ நகரில், வழக்கினால் மனம் கொதித்த ஒரு பல் வைத்தியரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு மரத்துப் பாலிலிருந்து கொடையும் கொலையும் பிறந்த அந்தக் காலத்தை எண்ணும்போது, பார்னத்தின் பெயரைப் பல் வைத்திய மாணாக்கர் ஒவ்வொருவரும் நன்றியோடு நினைவில் வைக்கவேண்டுமென்று தோன்றுகிறது.

துளையிடும் கருவியோ மெதுவாகவே முன்னேறியது. ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பல் கட்டிய ஜான் கிரீன்வுட், 1790-ம் ஆண்டையொட்டி, நூற்கும் ராட்டினத்தின் மிதிகட்டையைத் துளைகருவிக்கு இணைத்திருந்தார். ஆயினும் 1871-ல் ஜேம்ஸ் மாரிஸன் தையல் இயந்திரத்தைப்போல் காலால் மிதிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பின்பே சிற்றுளியும் விரல்நுனித் துளைகருவியும் பின்னுக்குப் போயின.

இவ்வளவு சாதனங்கள் கூடியும், எந்தப் பல்லை எந்த வடிவில் வெட்டவேண்டும் என்பதற்குப் பொது விதி இல்லை. அந்த விதியை வகுத்தவர் இல்லினாய் ராஜ்யத்தில் வின்செஸ்டர் என்ற ஊருக்கு அருகே 1836-ல் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்த கிரீன் வார்டிமன் பிளாக். பள்ளிப் படிப்பு அவருக்குச் சொற்பமே; பதின்வயதில் தமையனாரிடம் வைத்தியமும், 1857-ல் வேறொருவரிடம் மிகக் குறுகிய காலம் பல் வைத்தியமும் பயின்றார். ஜாக்ஸன்வில் என்னும் சிற்றூரில் தொழில் நடத்திக்கொண்டே ரசாயனமும் நுண்ணுயிர்ச் சாஸ்திரமும் தாமாகக் கற்று, பிற்காலத்தில் சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துப் பல் வைத்தியக் கல்லூரிக்குத் தலைவரானார். வாதம் செய்வதைவிட அளந்து பார்ப்பதிலேயே அவருக்கு நாட்டம் மிகுதி. மனிதன் கடிக்கும் விசையை அளக்க ஒரு கருவி அமைத்தார். வெள்ளிக் கலவை இறுகும்போது எவ்வளவு விரிகிறது, எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்க வேறொரு கருவி அமைத்தார். அவ்வாறு பரீட்சித்து 1896-ஐ ஒட்டி அவர் வெளியிட்ட வெள்ளி, வெள்ளீயச் சேர்மானத்தின் பயனாக, ஐம்பது ஆண்டு முந்திய சண்டையின் மிச்சங்கள் அடங்கின; பிளக்கவும் செய்யாமல் கழலவும் செய்யாமல் கடைவாயில் நிற்கும் மலிவான அடைப்பு ஏழைக்கும் கிட்டியது.

1908-ல் இரண்டு பாகங்களாக வெளிவந்த பிளாக்கின் நூல், சொத்தைகளை அவை தோன்றும் இடத்தைக்கொண்டு 5 வகுப்புகளாகப் பிரித்தது. மெல்லும் பரப்பின் குழிகளில் தோன்றுவது முதல் வகுப்பு. கடைவாய்ப் பற்களின் இடுக்கில் தோன்றுவது இரண்டாவது. முன்பற்களின் இடுக்கில், வெட்டுமுனையின் கோணம் கெடாமலிருப்பது மூன்றாவது. அக்கோணமும் கெட்டிருப்பது நான்காவது. ஈறோரத்தில் தோன்றுவது ஐந்தாவது. குழியின் எல்லைக்கோட்டை முதலில் நிச்சயித்து, கடிக்கும் விசையைத் தாங்கும் வடிவைத் தந்து, அடைப்பு கழலாதபடி பிடிமானம் அமைத்து, மிஞ்சிய சொத்தையைச் சுரண்டி, எனாமல் விளிம்பைச் செப்பம் செய்து, இறுதியில் குழியைச் சுத்தம் செய்யும் வரிசையையும் அவரே நிர்ணயித்தார். தரை சமமாகவும் சுவர்கள் நேர்குத்தாகவும் இருக்கவேண்டும் என்றார். அடியில் டென்டின் என்னும் உட்பகுதி தாங்காத எனாமல் கடியில் நொறுங்கிவிடும் என்பதைக் கண்டு, அப்படிப்பட்ட விளிம்புகளை முன்னதாகவே வெட்டி நீக்கச் சொன்னார்.

இவற்றோடு அவர் வற்புறுத்திய மற்றொரு கொள்கைதான் பிற்காலத்தில் பெரும் விவாதத்துக்கு இலக்காயிற்று. ஓர் அடைப்பு பழுதாவது பெரும்பாலும் அதன் விளிம்பில் புதுச் சொத்தை தோன்றுவதாலேயே என்பதையும், நாக்கும் உணவும் உராய்ந்து தாமாகவே சுத்தமாகும் பரப்புகளில் சொத்தை அரிதாகவே தோன்றுகிறது என்பதையும் பிளாக் பல்லாண்டு கவனித்திருந்தார். ஆகையால், குழியின் விளிம்பு அத்தகைய சுத்தமான பரப்பை எட்டும்வரை நல்ல பல்லையும் சேர்த்து வெட்டி விரிவாக்கவேண்டும் என்று போதித்தார். இரண்டு கடைவாய்ப் பற்களின் இடுக்கில் மிளகளவு சொத்தை இருந்தாலும், மேலிருந்து வழி திறந்து, மெல்லும் பரப்பின் பள்ளங்களை நெடுகத் தோண்டி, பக்கவாட்டிலும் அகலப்படுத்தவேண்டியதாயிற்று.

இன்றைய வைத்தியருக்கு இது கொடுமையாகத் தோன்றக்கூடும். ஆயினும் பிளாக்கைக் குறைகூறுவோர் அவர் காலத்தின் நிலைமையை மறந்துவிடுகிறார்கள். சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடின் குணம் அப்போது தெரியாது. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் குடிநீரில் அதைக் கலக்கத் தொடங்கியது 1945-ல்தான். மாவையும் சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் புளிக்கச்செய்வதால் பிறக்கும் அமிலமே பல்லை அரிக்கிறது என்று பெர்லினில் ஆராய்ந்த மில்லர் என்பவர் நூல் வெளியிட்டதே 1890-ல். பொன்னும் வெள்ளிக் கலவையும் பல்லோடு ஒட்டும் பொருள்கள் அல்ல. குழியின் வடிவம்தான் அவற்றைப் பிடித்து நிறுத்தவேண்டும். நோயாளி வலி பொறுக்கமாட்டாமல் வருவாரேயன்றி, ஆண்டுதோறும் காட்டிச் செல்பவர் அல்லர். அந்தச் சூழ்நிலையில் சிறிது நல்ல பல்லை இழந்து முழுப் பல்லைக் காப்பது புத்திசாலித்தனமான பேரம் என்றே நான் மதிக்கிறேன். தவறு நேர்ந்தது பின்வந்தவர்களிடத்தில். நோயாளியும் பொருளும் மாறிய பின்பும் அவர்கள் விதியைமட்டும் மாற்றாமல் பாராயணம் செய்தார்கள். 1957-ல் ஜான் போர்டன் கொண்டுவந்த ஏரோட்டர் என்னும் துளைகருவி நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்களை எட்டியபோது, ஒரு கண நேர அஜாக்கிரதையில் ஆயுளுக்கும் திரும்பாத பல் கரைந்துபோகும் அபாயமும் கூடவே வந்தது.

பிளாக்கின் வகுப்புகள் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் பல் வைத்தியக் கல்லூரியை நிறுவினார். சென்னையில் மருத்துவக் கல்லூரியின் கிளையாக 1953-ல் இப்படிப்பு தொடங்கிற்று. இன்றும் நம் மாணாக்கர் முதன்முதலில் மனப்பாடம் செய்வது அந்த வகுப்புகளைத்தான்.

பிளாக்கின் விதியை அசைத்த முதல் அடி, மிக எளிய பரீட்சை ஒன்றிலிருந்து விழுந்தது. ராச்செஸ்டர் நகரத்து ஈஸ்ட்மன் டென்டல் நிலையத்தில் பணியாற்றிய மைக்கேல் புவனோகோரே, உலோகத்தின் மேல் வர்ணம் நன்கு பற்றுவதற்காக ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதை அறிந்து, அதையே எனாமலின் மேல் பரீட்சித்தார். 85 சதவீத அமிலத்தை அரை நிமிஷம் தடவிக் கழுவியபின், முன்பல்லின் மேல் சிறு அக்ரிலிக் பொட்டுகளை வைத்தார். அமிலம் படாத பல்லிலிருந்து அவை சில மணி நேரத்தில் உதிர, அமிலம் பட்ட பல்லில் வாரக்கணக்காக நின்றன. சாந்து பற்றுவதற்காகக் கொத்தனார் சுவரைக் கொத்திவிடுவதுபோல, அமிலமும் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைப் பறித்துவிட்டிருந்தது. 1955-ல் வெளியான அந்தக் கட்டுரையை அப்போது கவனித்தவர் சிலரே. ஏழாண்டு கழித்து ரஃபேல் போவன், பிசினில் கண்ணாடியொத்த துகள்களைப் பிணைத்து உருவாக்கிய புதுக் கலவைக்கு 1962-ல் காப்புரிமை பெற்றார். பல்லின் நிறத்தையே கொண்ட கம்போசிட் அடைப்பின் வமிசம் அங்கே ஆரம்பமாகிறது. பல்லோடு ஒட்டும் பொருள் கிடைத்தவுடன், பிடிமானத்துக்காக நல்ல பல்லை வெட்டவேண்டிய அவசியம் நீங்கியது.

ஜப்பானியரான ஃபுஸயாமா இன்னும் ஓர் அடி முன்சென்றார். சொத்தை பிடித்த டென்டினில் இரண்டு அடுக்குகள் உண்டென்றும், கிருமிகள் குடியேறிய வெளியடுக்கை மட்டும் நீக்கினால் போதும், மிருதுவாகியிருந்தும் உயிர்ப்புள்ள உள்ளடுக்கு மறுபடி கெட்டிப்படும் என்றும் காட்டி, 1970-களின் தொடக்கத்தில் வெளியடுக்கை மட்டும் சிவக்கச் செய்யும் சாயம் ஒன்றையும் தந்தார். கெட்டியான தரை தட்டும்வரை சுரண்டு என்ற பழைய உபதேசத்தால் பல்கூழ் வெளிப்பட்டு நாசமான பற்கள் எத்தனையோ. அந்த நாசத்துக்கு அவர் ஓர் எல்லை கட்டினார். இதற்கிடையில் லண்டனில் வில்ஸன், கென்ட் என்ற இருவர், பல்லோடு ரசாயன முறையில் தானே ஒட்டிக்கொண்டு ஃப்ளூரைடும் கசியவிடும் கிளாஸ் ஐயனோமர் சிமென்டைக் கண்டுபிடித்து 1972-ல் வெளியிட்டார்கள். மின்சாரம் இல்லாத தான்சானியக் கிராமங்களில், 1980-களின் நடுவில் டச்சுக்காரரான ஃப்ரெங்கனும் அவருடைய சகாக்களும், கைக்கருவிகளால் சொத்தையை எடுத்து, பல்லோடு ஒட்டும் சிமென்டால் அடைக்கும் முறையைப் பழக்கினார்கள். இயந்திரத்துக்கு முந்திய சிற்றுளியும் சுரண்டும் கருவியும் இப்படி மறுபிறவி எடுத்தன; 1994-ம் ஆண்டு உலகச் சுகாதார தினத்தில் உலகச் சுகாதார ஸ்தாபனம் அம்முறையை எல்லா நாடுகளுக்கும் எடுத்துக்காட்டியது.

பாதரசத்தின் மேலிருந்த பழைய வழக்கும் வேறு காரணத்தால் முடிவை நெருங்குகிறது. நோயாளியின் வாயைவிட, மண்ணும் நீரும் மாசுபடுவதை முன்னிட்டு, 2013-ல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை வெள்ளிக் கலவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025-ம் ஆண்டு பிறந்ததிலிருந்து, தவிர்க்க முடியாத மருத்துவக் காரணம் இருந்தாலன்றி, அது வழங்குவதில்லை. வெள்ளிக் கலவை சிறிது ஈரத்தை மன்னித்தது. ஆகவேதான் பொன் வேலை அருகியபோது பார்னத்தின் ரப்பர்த் துண்டும் பல வைத்தியசாலைகளிலிருந்து மறைந்தது. இப்போது அந்த இடத்துக்கு வந்திருக்கும் கம்போசிட்டோ, அமிலத்தால் தயாரான எனாமலின் மேல் உமிழ்நீர் ஒரு கணம் பட்டாலும் பற்றுக் குன்றிவிடும் குணமுடையது. உலர்ந்த பல் வேண்டுமென்ற பொன்னின் பழைய நிபந்தனையை இதுவும் விதிக்கிறது. கல்லூரியில் அந்தத் துண்டை மாட்டக் கற்றவர்களில் பலர், சொந்த வைத்தியசாலை வைத்தபின், நேரமில்லை என்றும் நோயாளிக்கு அசௌகரியம் என்றும் சொல்லிப் பஞ்சுருளையோடு நின்றுவிடுகிறார்கள். அந்த அடைப்புகள் விளிம்பில் கசிந்து, புதுச் சொத்தை தோன்றி, மறுபடி வெட்டப்படும்போது ஒவ்வொரு தடவையும் குழி பெரிதாகிறது. பழகிய கைக்கு ஒரு ரப்பர்த் துண்டை மாட்ட இரண்டொரு நிமிஷம் போதும்.